இளமையும் கள்ளுண்ணாமையும்

குமரிமுனைக்கு வடகிழக்கே, கடலலை வந்து மோதும் கரையில், கருங்கல் மதிலோடு நிற்கின்றது வட்டக்கோட்டை. 1741-ஆம் ஆண்டு குளச்சற் போரிற் சிறைப்பட்டுப் பின்னர் மார்த்தாண்ட வர்ம மகாராசாவின் படையை நடத்திய டிலனாய் என்பார் இதனைத் திருத்தி வலுப்படுத்தினார் என்பது யாவரும் அறிந்த செய்தி. கடல்வழி வரும் பகைவனை நெடுந்தொலைவிலேயே கண்டு தடுத்தற்கென எழுந்தது அம்மதில். இக்கட்டுரையில் யாம் எடுத்துக்கொண்ட பகையோ கப்பலேறி வருவதன்று. அது நண்பன் உருவில், சிரித்த முகத்தோடு, நம் தோளில் கையிட்டுக்கொண்டு உள்ளே நுழைவது. அதற்கு எந்த மதிலும் தடையாகாது. இளைஞரைப் பற்றும் குடியையும் ஏனை லாகிரிப் பொருள்களையும் குறித்து ஆண்டுதோறும் மேடைகளிற் பேசப்படுகின்றது. பேசுவோர் பெரும்பாலும் கடையையும் வணிகனையும் அரசையும் கடிந்துவிட்டு அமர்ந்துவிடுகின்றனர். முதற் கிண்ணத்தை நீட்டிய கை யாருடையது என்னும் வினாவை எழுப்புவோர் மிகச் சிலர். அவ்வினாவையே யாம் ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

இதனை ஆராயுமுன் நம் ஊர்ப் பனையைச் சிறிது நோக்குதல் நலம். வட்டக்கோட்டையைச் சூழ்ந்த அகத்தீசுவரம் வட்டத்துச் சிற்றூர்களிற் பனை இன்றும் நிற்கின்றது, ஏறுவோர்தாம் அருகிவிட்டனர். 1806-ஆம் ஆண்டில் ரிங்கல்தௌபே ஐயர் மயிலாடிக்கு வந்து ஊழியம் தொடங்கிய பின்னர், தென் திருவிதாங்கூர்ச் சபைகளிற் சேர்ந்த குடும்பங்களுட் பல பனைத்தொழிலாற் பிழைத்தவை. பனையேறுவார் பாளையை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்தி, நாள்தோறும் பாளை அரிவாளால் அதன் நுனியை மெல்லச் சீவி, அதன் கீழ்க் கலயத்தைக் கட்டுவார். கலயத்தின் உட்புறத்திற் சுண்ணாம்பு தடவியிருந்தால் இறங்குவது பதநீர். நம் பக்கத்து வழக்கில் அக்கானி. அதனைக் காய்ச்சினாற் கருப்பட்டி. சுண்ணாம்பு தடவாது விட்டால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, ஊறும் நீரும் ஒன்றே. காற்றிலும் கலயத்திலும் உள்ள நுண்ணுயிர்கள் நீரிலுள்ள சருக்கரையை உண்டு சாராயமாக மாற்றுகின்றன. சுண்ணாம்பின் காரம் அவற்றை வளரவொட்டாமல் தடுக்கின்றது. இவ்வளவுதான் வேற்றுமை. ஆயினும் ஒன்று கருதத்தக்கது. சுண்ணாம்பை முதற்றுளி விழுமுன்னரே தடவுதல் வேண்டும். புளித்துவிட்ட கள்ளில் எவ்வளவு சுண்ணாம்பைக் கரைத்தாலும் அது மீளப் பதநீராவதில்லை. எழுத்தறியாத பனையேறியும் அறிந்த இவ்வுண்மையைப் பிள்ளை வளர்ப்பில் நாம் மறந்துவிடுகின்றோம் போலும்.

“எங்கள் பாட்டனார் குடியாத கள்ளா? அவர் எண்பது வயது வரை உழவில்லையா?” என்று கேட்போர் உளர். அவர்க்கு விடை கணக்கிலேயே இருக்கின்றது. கள்ளில் உள்ள சாராயம் நூற்றுக்கு நான்கைந்து பங்கு. இக்காலத்துக் கடையில் விற்கும் பிராந்தியிலும் விஸ்கியிலும் அது நூற்றுக்கு 42.8 பங்கு. ‘குவார்ட்டர்’ என்று வழங்கும் சிறு புட்டி கொள்வது 180 மில்லி. அதனுள் இருக்கும் தூய சாராயம் ஏறக்குறைய 77 மில்லி. இவ்வளவு சாராயம் உள்ளே செல்லக் கள்ளாயின் ஒன்றரை லிட்டருக்கு மேற் குடித்தல் வேண்டும். அதற்குள் வயிறு நிறைந்து வாய் தானே மறுத்துவிடும். குவார்ட்டரோ நான்கு மிடற்றில் முடிந்துவிடுகின்றது. நம் ஈரல் ஒரு மணி நேரத்தில் எரித்து அகற்றக்கூடிய சாராயம் ஏழெட்டுக் கிராம் அளவே. ஆகவே அச்சிறு புட்டி ஒன்றை அகற்ற ஈரலுக்கு எட்டு மணி நேரம் வேண்டும். மாலை ஏழு மணிக்குக் குடித்தவன் விடியற்காலை மூன்று மணி வரை குடித்தவனே. இடையில் அவன் பைக்கில் ஏறினால் நேர்வது யாது என்பதை நாகர்கோவிற் சாலைகள் சொல்லும். பாட்டனார் உண்டது வேறு, பேரன் உண்பது வேறு. இவ்வாறு கூறுவதால் யாம் கள்ளுக்குப் பரிந்து பேசுகின்றோம் என்று எவரும் கொள்ளற்க. சாராயம் எந்தப் பெயரில் உட்சென்றாலும் அது புற்றுநோயை விளைக்கும் பொருள் என்று 1988-லேயே அனைத்துலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வகுத்தது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என உலகச் சுகாதார நிறுவனம் 2023-ஆம் ஆண்டு வெளிப்படையாகவே அறிவித்தது.

இனி, இளமைக்கு உரிய தனித் தீங்கு யாது? மனிதனுடைய மூளை உடலோடு ஒருங்கே முதிர்ந்துவிடுவதில்லை. மீசை அரும்பிக் குரல் உடைந்த பின்னும், இருபது வயதைக் கடந்த பின்னும் அது வளர்ந்துகொண்டே இருக்கின்றது. இன்பத்தை நாடும் பகுதி முன்னே முதிர்கின்றது. ‘இது வேண்டா’ என்று நிறுத்தும் நெற்றிப்புறத்து மூளையோ இருபத்தைந்தை ஒட்டியே நிறைவுறுகின்றது. பதினாறு வயதுப் பிள்ளை, குதிரை பூட்டிக் கடிவாளம் இன்னும் பூட்டாத வண்டிக்கு ஒப்பாவான். இந்நிலையில் உட்சென்ற லாகிரிப் பொருள், நினைவாற்றலையும் கற்குந் திறனையும் ஊன்றுகாலத்திலேயே கெடுக்கின்றது. அதனினும் கொடிது, இன்பம் என்றாலே இதுதான் என்று வளரும் மூளைக்குக் கற்பித்துவிடுகின்றது. 1997-ஆம் ஆண்டு அமெரிக்க நாட்டில் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று, பதினைந்து வயதுக்கு முன் குடிக்கத் தொடங்கினோருள் நூற்றுக்கு நாற்பதின்மர் வாழ்நாளிற் குடிக்கு அடிமையாயினர் என்றும், இருபது வயது கடந்து தொடங்கினோருள் அத்தொகை பத்தின்மரே என்றும் கண்டது. முன்பே வீட்டுத் துன்பமும் மனக்கலக்கமும் உடைய பிள்ளைகளே முந்தித் தொடங்குகின்றனர் ஆதலின், வயது ஒன்றே காரணம் என்று துணிதல் கூடாது. எனினும் இவ்வேற்றுமை சிறிதன்று. சுண்ணாம்பு முந்த வேண்டும் என்று மேலே கூறியதன் கருத்து இதுவே.

குடியோடு நின்றுவிடுமாயினும் ஒருவாறு பொறுக்கலாம். இந்திய அரசின் பொருட்டு டில்லி அகில இந்திய மருத்துவக் கழகம் நடத்தி 2019-ல் வெளியிட்ட கணக்கெடுப்பில், பத்து முதல் எழுபத்தைந்து வயது வரையுள்ள மக்களுள் மது அருந்துவோர் நூற்றுக்கு 14.6 விழுக்காட்டினர், ஏறத்தாழப் பதினாறு கோடிப் பேர். அக்கணக்கிற் கண்ட ஒரு செய்தி எம்மைத் திடுக்கிடச் செய்தது. ஏனை எல்லாப் போதைப் பொருள்களையும் பெரியோரே மிகுதியாகப் பயன்படுத்துகின்றனர்; முகர்ந்து மயங்கும் பொருள்களில் மட்டும் பிள்ளைகள் பெரியோரை விஞ்சிவிட்டனர். பெரியோருள் 0.58 விழுக்காடு; பத்து முதல் பதினேழு வயதினருள் 1.17 விழுக்காடு. பஞ்சர் ஒட்டும் பசை, வண்ணங் கரைக்கும் தின்னர், எழுத்துத் திருத்தும் வெண்மை மை ஆகியவையே அவை. இவை எந்தக் கடையிலும் வயது கேளாமல் விற்கப்படுகின்றன. இவற்றின் ஆவி இதயத்தின் துடிப்பை ஒரே நொடியிற் குலைத்து, முதன்முறை முகர்ந்தவனையே கொன்றுவிடவும் கூடும். பின்னர்க் கஞ்சா, ஐயத்தையும் அச்சத்தையும் வளர்த்து, சிலர்க்குச் சித்தத்தையே கலக்குவது. பின்னர் வலிக்குத் தரும் டேபென்டடால் போன்ற மாத்திரைகளைக் கரைத்து ஊசியால் ஏற்றிக்கொள்ளும் கொடுமை. ஒரே ஊசியைப் பலர் பகிர்வதால் எய்ட்ஸும் ஈரல் அழற்சியும் உடன் நுழைகின்றன. பள்ளிப் பிள்ளைகள் உதட்டுக்குள் ஒதுக்கும் ‘கூல் லிப்’ என்னும் புகையிலைப் பொட்டலத்தைக் குறித்து 2024-ல் உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையே கவலை தெரிவிக்க நேர்ந்தது. இவை ஒவ்வொன்றையும் விரித்தால் கட்டுரை மருத்துவ நூலாகிவிடும், இம்மட்டில் நிற்போம்.

நம் முன்னோர் இதனை எவ்வாறு நோக்கினர்? சங்கப் புலவர் கள்ளை மறைத்துப் பேசினாரல்லர். நறவு, தேறல், மட்டு, பிழி, தோப்பி என அதற்கு எத்துணைப் பெயர்கள்! அதியமான் சிறிதளவு கள் பெற்றாற் பாணர்க்கே ஈந்துவிடுவான், பெரிதளவு பெற்றால் உடனிருந்து உண்பான் என்று ஒளவையார் அவன் மறைவுக்கு இரங்கிய கையறுநிலைப் பாட்டு புறநானூற்றில் உளது. அஃது ஈகையின் அடையாளம். கள் அங்கே நட்பின் மொழியாய் நிற்கின்றது. திருவள்ளுவர் காலத்தில் அந்நோக்கு மாறிவிட்டது. கள்ளுண்ணாமை என்னும் தொண்ணூற்று மூன்றாம் அதிகாரத்தை அவர் வரைவின் மகளிருக்கும் சூதுக்கும் நடுவே வைத்தார். சூதினை அடுத்து வருவது மருந்து. இவ்வைப்புமுறையில் யாம் கண்டு வியந்தது மற்றொன்று. பொருட்பாலைப் பல இயல்களாகப் பகுக்கும் பதிப்புகளில் இவ்வதிகாரம் நட்பியலின்கண் அடங்குகின்றது. நட்பு, நட்பாராய்தல், தீ நட்பு, கூடா நட்பு என்று தொடங்கிய பகுதியின் ஈற்றயலிலேதான் கள் வருகின்றது. பகுத்தவர் உரையாசிரியரோ பதிப்பாசிரியரோ யாரேயாயினும், கள்ளைப் பற்றிய பேச்சு நட்பைப் பற்றிய பேச்சின் தொடர்ச்சியே எனக் காட்டிய அவர் கூர்மை பாராட்டத்தக்கது.

மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையில் ஒரு காட்சி உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் தெருவிலே உண்ணாநோன்பி ஒருவர் செல்கின்றார். கள்ளுண்டு களித்த ஒருவன் அவரை மறித்து வணங்கி, இக்கள்ளைச் சிறிது பருகுமின் என்று வேண்டுகின்றான். வேண்டுவதோடு நில்லாமல் வாதமும் புரிகின்றான். கொல்லா விரதம் உடையவரே, தென்னை மடலில் ஊறிய தேறலிற் கொலை எங்கே இருக்கின்றது என்பது அவன் வாதம்! சாத்தனார் இதனை நகைச்சுவைக்காக வைத்தார் போலும். எனினும் நகைத்து முடிந்தபின் எண்ணிப் பார்த்தால், நீட்டுபவன் எக்காலத்தும் வாதத்தோடே வருகின்றான் என்பது புலனாகும். அதுவும் எதிரிலிருப்பவனுடைய சமயத்திலிருந்தே எடுத்த வாதத்தோடு. நம் சபைப் பிள்ளைகள் அறியாததா? வேதப்புத்தகத்தை வேறெப்போதும் திறவாத நண்பனுக்கும் கானா ஊர்க் கலியாணம் மட்டும் நன்றாக நினைவில் நிற்கும். தீமோத்தேயுவின் வயிற்று நோயும் மறப்பதில்லை. கானாவிலே திராட்சரசம் கலியாண வீட்டாரின் மானத்தைக் காக்க அளிக்கப்பட்டது. பவுல் நோயாளிக்கு மருந்தாகச் சிறிதளவு சொன்னார். பத்தாம் வகுப்பு மாணவனைப் பாறைமேல் உட்கார்த்திப் பிளாஸ்டிக் டம்ளரை நீட்டுவதற்கு இவை சான்றாகா.

முதற் கிண்ணம் எவ்விடத்தில் எவ்வாறு நீட்டப்படுகின்றது என்பதைச் சிறிது நிதானமாக நோக்குவோம். கடைக்குத் தனியே சென்று, தன் காசைக் கொடுத்து, தனக்காக முதன்முதல் வாங்கிக் குடித்த பிள்ளை அரியன். தேர்வு முடிந்த நாள், ஒருவன் பிறந்தநாள், ஊர்த் திருவிழா, தமையன் கலியாணத்துக்கு முந்தின இரவு, கால்பந்துப் போட்டியில் வென்ற மாலை ஆகிய இவையே காலம். ‘ட்ரீட்’ என்பது அதற்குப் பெயர். சில வேளை நீட்டும் கை மாமனுடையது, சிற்றப்பனுடையது, “ஆம்பிளைப் பிள்ளை, ஒரு வாய் குடிச்சா என்னலே?” என்னும் அன்பு மொழி அதனோடு வரும். மறுக்கும் பிள்ளை மதுவை மறுப்பதாக யாரும் கொள்வதில்லை. தங்களையே மறுப்பதாகக் கொள்கின்றனர். ஆகவேதான் மறுத்தல் அரிதாகின்றது. ஈரலைப் பற்றிய படம் அவ்வேளையில் அவனுக்கு உதவுவதில்லை. அவன் அஞ்சுவது ஈரல் நோய்க்கன்று, தனிமைக்கு. கெட்ட நண்பரோடு சேராதே என்னும் அறிவுரையும் இங்கே பொருந்துவதன்று. நீட்டுபவன் பெரும்பாலும் கெட்டவன் அல்லன். தனக்குக் கிடைத்ததைப் பகிரும் நல்ல நண்பனே. அதியமானைப் போல என்று சொல்லத் தோன்றுகின்றது, கசப்போடு.

அரசு செய்தது யாது எனின், அவ்வரலாறு நெடிது. 1937-ஆம் ஆண்டு அக்டோபர் முதல் நாள் இராஜாஜியின் மந்திரிசபை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. 1948-ல் ஓமந்தூர் ராமசாமி ரெட்டியார் காலத்தில் அது சென்னை மாகாணம் முழுவதும் பரவியது. நம் குமரி மாவட்டம் 1956 நவம்பர் முதல் நாளிலேயே சென்னை இராச்சியத்தோடு இணைந்தது. 1971-ல் விலக்குத் தளர்ந்தது, 1974-ல் இறுகியது, 1981-ல் மறுபடியும் தளர்ந்தது. 1983-ல் தமிழ்நாடு மாநில வாணிபக் கழகம் தோன்றி, 2003 முதல் சில்லறைக் கடைகளையும் தானே நடத்தலாயிற்று. கள்ளோ 1987 முதல் தடுக்கப்பட்டது. நூற்றுக்கு ஐந்து பங்குடையது குற்றம், நாற்பத்திரண்டு பங்குடையது அரசு விற்பனை என்னும் இவ்விந்தையைப் பனையேறிகள் சுட்டிக்காட்டுவது இயல்பே. அகத்தீசுவரத்திற் பிறந்து 2025-ல் மறைந்த குமரி அனந்தன், மதுவிலக்குக்காகவும் பனைக்காகவும் ஒருங்கே குரல் கொடுத்து ஊர் ஊராக நடந்தவர். பனையைக் காப்பதும் மதுவை விலக்குவதும் ஒன்றுக்கொன்று முரணல்ல என்பதற்கு அவர் வாழ்வே சான்று. 2023-24-ஆம் ஆண்டில் அவ்வாணிபக் கழகத்தால் அரசுக்குக் கிடைத்த வருவாய் 45,000 கோடி ரூபாய்க்கு மேல். இத்துணைப் பெரிய வருவாயைக் கைவிட எந்த அரசும் தயங்கும். வங்காளத்திலும் பீகாரிலும் கிழக்கிந்தியக் கம்பெனி விளைவித்த அபினியைச் சீனம் தடுத்தபோது நிகழ்ந்ததும் இதுவே. 1839-ஆம் ஆண்டு ஆளுநர் லின் என்பார் இருபதினாயிரம் பெட்டி அபினியைக் குழிகளிலிட்டு, உப்பும் சுண்ணாம்பும் கலந்து அழித்தார். அதன் விளைவு அமைதியாக இல்லை, போராக இருந்தது.

குமரி மாவட்டத்து வாலிபர் மறத்தற்கரிய பெயர் ஒன்று உண்டு. சேலம் மாவட்டத்துக் காந்தியவாதியாகிய சசிபெருமாள், மார்த்தாண்டத்தை அடுத்த உண்ணாமலைக்கடையில், பள்ளிக்கும் வழிபாட்டிடத்துக்கும் அருகில் இருந்த மதுக்கடையை அகற்ற வேண்டும் என்று போராடினார். 2015-ஆம் ஆண்டு ஜூலை 31-ஆம் நாள் அங்குள்ள செல்பேசிக் கோபுரத்தின்மேல் ஏறி நின்றார்; அன்றே உயிர் நீத்தார். மதுவிலக்கு முதன்முதல் தோன்றிய சேலத்திலிருந்து ஒரு முதியவர் நம் மாவட்டத்துப் பிள்ளைகள் பொருட்டு வந்து மாண்டார் என்பதை நினைக்குந்தோறும் உள்ளம் நடுங்குகின்றது. சட்டத்தில் விதி இல்லாமலில்லை. நகரங்களில் 50 மீட்டர், ஏனைய இடங்களில் 100 மீட்டர் பள்ளியினின்றும் வழிபாட்டிடத்தினின்றும் கடை விலகி நிற்க வேண்டும் என்கின்றது 2003-ஆம் ஆண்டு விதி. இருபத்தொரு வயது நிரம்பாதவர்க்கு விற்றலும் கூடாது. பிள்ளைகட்குப் போதைப் பொருளைக் கொடுப்பவனுக்கு ஏழாண்டு வரை கடுங்காவல் உண்டு என்கின்றது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். ஆயினும் மீட்டர் கணக்கு யாரைத் தடுக்கும்? கடைக்குச் செல்பவன் இருபத்திரண்டு வயதுத் தமையன். குடிப்பவன் பதினாறு வயதுத் தம்பி. ‘கொடுப்பவன்’ என்று சட்டம் சொல்வது அத்தமையனையும், அந்த மாமனையும், பிறந்தநாள் நண்பனையும் சேர்த்துத்தான் என்பதை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? மற்றொரு பக்கம், கடையை மூடினால் எல்லாம் சரியாகும் என்பாரும் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சிக் கருணாபுரத்தில் நிகழ்ந்ததை எண்ணுதல் வேண்டும். மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் உடலினுட் சென்று எறும்பமிலமாக மாறிக் கண்ணின் நரம்பை எரித்து, அறுபதின் மேற்பட்டோரைக் கொன்றது. கடை மிக அருகிலிருப்பதும் தீது. கள்ளச்சாராயம் அதனினும் தீது. இவ்விரண்டிற்கும் இடையே சட்டம் செல்லக்கூடிய தொலைவு குறுகியதே என்பது எம் கருத்து.

ஏற்கெனவே வீழ்ந்துவிட்ட பிள்ளையைப் பற்றி ஒரு சொல். நம் சபைகளில் ‘குடிகாரன்’ என்பது தீர்ப்பு. அதன்மேல் மேல்முறையீடு இல்லை. மருத்துவர் இதனை நோய் என்கின்றனர். ஆலயத்தில் பாவம் என்கின்றோம். இவ்விரண்டிற்கும் பகை இருக்க வேண்டுவதில்லை. ஆயின் நம்முடைய சொல் பிள்ளையை ஒளிந்துகொள்ளச் செய்யுமாயின், மருத்துவருடைய சொல்லே நற்செய்திக்கு அண்மையில் நிற்பதாகும். கெட்ட குமாரன் உவமையில் தகப்பன் தொலைவிலேயே கண்டு ஓடிச்சென்றான்; கணக்குக் கேட்டது மூத்தவனே. சென்னையில் தம் கணவரைக் குடிநோய்க்கு இழந்த சாந்தி ரங்கநாதன், அத்துயரிலே மூழ்காமல் 1980-ல் டி. டி. ரங்கநாதன் பெயரால் மருத்துவமனை ஒன்றைத் தொடங்கினார். 1992-ல் பத்மஸ்ரீ விருது அவரை நாடி வந்தது. அவர் வலியுறுத்தியது, குடிப்பவனை மட்டுமன்று, அவன் மனைவி மக்களையும் உடன் நடத்திச் செல்ல வேண்டும் என்பது. சிகிச்சைக்குத் தானே முன்வரும் அடிமையை, சிறிதளவு பொருள் பற்றிய குற்றத்துக்காக வழக்கிலிருந்து காக்கும் பிரிவு ஒன்று 1985-ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டத்திலேயே, அதன் 64-அ பிரிவாக, இருக்கின்றது. 14446 என்னும் எண்ணுக்குக் கட்டணமின்றிப் பேசலாம். இவ்வெண்ணை நம் கல்லூரி விடுதிச் சுவரில் எழுதி வைத்தால் அச்சுவருக்கு இழுக்கொன்றும் நேராது.

2022 ஆகஸ்டு 11-ஆம் நாள் தமிழ்நாட்டுப் பள்ளி கல்லூரிகள் எங்கும் மாணவர் போதை ஒழிப்பு உறுதிமொழி எடுத்தனர். ஆண்டுதோறும் ஜூன் 26-லும் ஊர்வலம் உண்டு. குறை கூறுவதற்கில்லை, எனினும் காலை பத்து மணிக்கு எடுத்த உறுதிமொழி மாலை ஏழு மணியைக் காப்பதில்லை. அமெரிக்காவில் 1983 முதல் காவலர்கள் வகுப்புக்கு வந்து போதையின் தீமையைக் கற்பிக்கும் திட்டம் பல்லாண்டு நடந்தது. ஆராய்ந்தோர் அதனால் நிலைத்த பயன் விளையவில்லை என்றே கண்டனர். ஐசுலாந்து என்னும் சிறு தீவினர் வேறு வழி கண்டனர். 1998-ல் அங்கே பதினைந்து பதினாறு வயதினருள் நூற்றுக்கு நாற்பத்திருவர், கடந்த ஒரு மாதத்தில் வெறிக்கக் குடித்தோராயிருந்தனர். அரசும் பெற்றோரும் அப்பிள்ளைகட்கு மாலை நேரத்தை நிரப்பிக் கொடுத்தனர். விளையாட்டு, இசை, நடனம் ஆகியவற்றிற் சேரப் பணம் ஈந்தனர். இரவில் பிள்ளைகள் வெளியே திரியும் நேரத்துக்கு எல்லை வகுத்துப் பெற்றோரே தெருவில் நடந்து காத்தனர். 2016-ல் அத்தொகை ஐவராகக் குறைந்தது.

ஐசுலாந்தின் பொருள் நமக்கில்லை என்பர். மெய். ஆனால் அவர் செய்ததன் உள்ளீடு பொருளன்று. நண்பர் கூடுவதற்கு மதுவல்லாத ஒரு காரணத்தை அவர்கள் உண்டாக்கினர். நம் ஊர்களில் அது ஒருகாலத்தில் இருந்தது. கடற்கரை ஊர்களிற் கால்பந்து, உள்ளூர்களிற் கைப்பந்தும் கபடியும், ஆலயத்தில் பாடகர் குழு, வாலிபர் சங்கம், ஊர் நூலகம். இவற்றுட் சில இன்றும் உயிரோடிருக்கின்றன. பல கோப்பையளிப்பு விழாவன்று மட்டும் கண்விழிக்கின்றன. போட்டியில் வென்ற மாலையே குடிக்கும் மாலையாகிவிட்ட ஊர்களும் உள என்பதை மேலே கண்டோம். ஆதலின் பந்து மட்டும் போதாது. அக்குழுவிலே குடியாதிருந்தும் மதிப்போடிருக்கும் மூத்தவன் ஒருவனாவது வேண்டும். அவன் பேசவும் வேண்டுவதில்லை. அவன் கையில் அக்கானியோ சர்பத்தோ இருந்தால், பதினாறு வயதினன் தன் மறுப்புக்குத் துணை கண்டுவிடுவான்.

இத்தகைய மூத்தவன் ஒருவனை மணிமேகலையே காட்டுகின்றது. ஆதிரையின் கணவன் சாதுவன் தூயவனாகத் தொடங்கியவன் அல்லன். கணிகையிடத்தும் சூதிலும் தன் செல்வத்தைத் தொலைத்தவன். கப்பலேறிப் போகையில் அது உடைந்து, நக்க சாரணர் நாகர் வாழும் தீவில் ஒதுங்கினான். அவர்கள் அவனை உண்ணவே வந்தனர். அவன் அவர்கள் மொழியை அறிந்திருந்தமையால் உயிர் பிழைத்தான். தலைவன் விருந்தாக வெங்கள்ளும் ஊனும் இளம்பெண்ணும் அளிக்கச் சொன்னான். சாதுவன் வேண்டா என்றான். இவையின்றி வாழ்வில் வேறு என்ன உண்டு என்று தலைவன் சினந்து கேட்டான். இன்றும் கேட்கப்படும் வினா அதுவே. சாதுவன் சினக்கவில்லை, முகஞ்சுளித்து எழுந்துபோகவும் இல்லை. உடனிருந்து, அவன் மொழியிலேயே, மயக்கும் கள்ளை அறிந்தோர் ஏன் நீக்கினர் என்பதை எடுத்துரைத்தான். எங்களால் இயலும் அறம் யாது என்று தலைவன் வினவியபோது, அத்தீவினர் ஒரே நாளில் அனைத்தையும் விடவேண்டும் என்றும் அவன் கட்டளையிடவில்லை. கலம் உடைந்து கரையேறுவோரைக் கொல்லாதீர், மூத்துத் தாமே இறக்கும் விலங்குகளை அன்றிப் பிறவற்றுக்குத் தீங்கு செய்யாதீர் என்று அவர்கள் தாங்கக்கூடியதையே சொன்னான். நாகர் தலைவன் மகிழ்ந்து, முன்பு கரையொதுங்கியவர்களிடம் கவர்ந்து வைத்திருந்த நறுமண மரங்களையும் மெல்லிய துகில்களையும் பொருட்குவையையும் அவனுக்குக் கொடுத்தான். சந்திரதத்தன் என்னும் வணிகனுடைய கப்பல் அப்பக்கம் வர, சாதுவன் அதிலேறி ஆதிரை காத்திருந்த புகாருக்குத் திரும்பினான்.